நூல் தொய்யும் நேரம்: வேகக் கார்களின் சுக்கான் உணர்வு பற்றி

மாலை ஐந்து மணிக்குக் கிருலப்பனைச் சந்தியில் எந்தக் காரும் வேகக் கார் ஆகாது. பேஸ்லைன் வீதி வந்து ஹைலெவல் வீதியில் முட்டும் அந்த இடத்தில் ஐந்நூறு குதிரைவலுவும் முச்சக்கரவண்டியும் ஒரே வேகத்தில்தான் ஊரும். இங்கே குடியிருந்துகொண்டு அதிவேகக் கார்களின் சுக்கான் உணர்வைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் இந்தக் கேள்வி எனக்குள் முளைத்ததே இங்கேதான், அதுவும் ஒரு மொறிஸ் மைனரில்.

சந்தைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் என் ஜப்பான் காரைக் கொடுத்திருந்தேன். முன்பக்கத்தில் ஒரு 'டக் டக்' சத்தம். டை ரொட் எண்ட் போய்விட்டது, மாற்ற ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார் பாஸ். நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய பழைய மைனரின் சாவியை நீட்டினார். நுகேகொடை வரை போய்த் திரும்பினேன். கை வலித்தது. ஆனால் தார் மாறிய இடம், வெட்டி மூடிய குழாய்ப் பள்ளத்தின் ஓரம், வீதியோரத்து மணல் எல்லாம் வெவ்வேறாகக் கையில் பட்டன. இறங்கியதும் பாஸ் கேட்டார்: "என்ன சேர், றோட்டு கையில தெரியுதா? பாரம்தான். ஆனா முன் டயர்ல காத்து கொறஞ்சாலும் கை சொல்லிரும்."

மைனர் 1948இல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பு. ஒரு தொன்னுக்கும் குறைவான எடை, ஒடுங்கிய டயர்கள், உதவி எதுவுமில்லாத பற்சட்டச் சுக்கான். அதாவது நம் கராஜ்காரர் 'ரெக் அன்ட் பினியன்' என்று சொல்லும் அமைப்பு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அந்தக் காலத்துக் குடும்பக் கார்கள் பலவற்றில் இருந்த சுக்கான் பெட்டிகளுடன் ஒப்பிட்டால் இது கூர்மையான கருவி. பந்தயத்துக்காகச் செய்யப்படாத இந்தக் கார் கையில் தரும் செய்தியை, அதைவிடப் பத்து மடங்கு வலுவுள்ள இன்றைய கார் ஏன் தருவதில்லை? உலகமெங்கும் கார்ப் பிரியர்கள் இருபது ஆண்டுகளாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. 'மின்சார ஸ்டியரிங் வந்தது, உணர்வு செத்தது' என்பது அவர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. அது பாதிதான் உண்மை என்பது என் எண்ணம்.

முதலில் உணர்வு என்பது எது என்று பார்க்கவேண்டும். பாரம் வேறு, அதிர்வு வேறு, செய்தி வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. மலைநாட்டுப் பாதையில் பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸை ஓட்டிய சாரதிகளுக்குப் பாரமும் அதிர்வும் வேண்டிய மட்டும் கிடைத்தன. பெருவிரலைச் சுக்கான் வளையத்துக்கு உள்ளே கோத்துப் பிடிக்காதே என்று பழைய சாரதிகள் பழகுநர்களுக்குச் சொல்வார்கள். குழியில் சில்லு விழுந்தால் வளையம் திருப்பி அடித்து விரலை முறித்துவிடும். அது வீதியின் உதை. அதை யாரும் உணர்வு என்று கொண்டாடுவதில்லை.

வேகக் காரில் தேடப்படும் செய்தி வேறு. அது முன் டயரின் பிடி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது.

டயர் வீதியைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். சுக்கானைத் திருப்பியதும் கார் அப்படியே அந்தத் திசைக்குப் போய்விடுவதில்லை. சில்லு பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில பாகை வித்தியாசம் இருக்கும். வழுக்குக் கோணம் என்பார்கள். அந்தக் கோணத்தில் உள்ளங்கையளவு இறப்பர் முறுகித்தான் காரைப் பக்கவாட்டில் இழுக்கிறது. தொடுபரப்பின் முன்விளிம்பில் இறப்பர் அப்போதுதான் வீதியைத் தொட்டிருப்பதால் முறுகல் குறைவு; பின்விளிம்புக்குப் போகப் போக அதிகம். ஆகையால் பக்கவிசையின் மையம் நடுவில் விழாமல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் விழுகிறது. அந்தச் சிறிய தூரம் ஒரு நெம்பாக வேலை செய்து சில்லை நேராக்கப் பார்க்கும். வளைவில் சுக்கான் கையை எதிர்த்துத் தள்ளுவதும், கையை விட்டால் தானே நேராவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இனித்தான் அழகான விடயம். கார் வேகமாக வளையும்போது இறப்பர் முதலில் பிடியை விடுவது பின்விளிம்பில். பின்பகுதி வழுக்கத் தொடங்கியதும் விசையின் மையம் முன்னோக்கி நகர்கிறது. நெம்பு குறுகுகிறது. பக்கவிசை இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் சில்லை நேராக்கும் முறுக்கம் அதற்கு முன்பே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். சாதாரண டயரில் வழுக்குக் கோணம் மூன்று நான்கு பாகையில் இருக்கும்போதே முறுக்கம் உச்சத்துக்கு வந்துவிடும். பிடியின் உச்சம் அதற்கும் சில பாகைகள் தள்ளித்தான். அந்த இடைவெளியில் சுக்கான் கையில் மெல்ல இலேசாகிறது. பிடி போகப்போகிறது, இன்னும் போகவில்லை என்று டயர் முன்கூட்டியே சொல்லும் செய்தி அது.

தைப்பொங்கல் நாட்களில் யாழ்ப்பாணத்தில் பட்டம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விண் கட்டிய பட்டம் மேலே கூவும்போது நூல் விரலில் அதிர்ந்துகொண்டே இருக்கும். காற்று ஏறினால் நூல் இறுகும். பட்டம் தலைகீழாகக் குத்துவதற்குச் சற்று முன்பு நூல் தொய்யும். கண் மேலே பார்ப்பதற்குள் விரல் அறிந்துவிடும். இலேசாவதைச் செய்தியாக வாசிக்கத் தெரிந்த கைதான் பட்டத்தையும் காப்பாற்றும், காரையும் காப்பாற்றும்.

டயரின் இந்த நடத்தையைக் கணிதத்தில் பிடித்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேய்க்கா. வொல்வோ பொறியியலாளர்களுடன் சேர்ந்து 1987இல் அவர் வெளியிட்ட சூத்திரத்துக்கு 'மாயச் சூத்திரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முன்விசை, பக்கவிசை, நேராக்கும் முறுக்கம் ஆகிய மூன்றையும் அது தரும். வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஒரு பையன் மேசையில் சுக்கான் பூட்டி மெய்நிகர் பந்தயம் ஓடும்போது அவன் கையைத் தள்ளும் மோட்டருக்கும் இந்த வகைச் சூத்திரங்கள்தான் கட்டளையிடுகின்றன. நிஜக் காரில் செத்துப்போனதாகச் சொல்லப்படும் உணர்வு அவனுடைய மேசையில் உயிரோடு இருக்கிறது. இந்த வேடிக்கையிடம் பின்னர் திரும்பி வருவோம்.

டயர் சொல்வதைக் கைக்கு எட்டவிடாமல் செய்யும் இடங்கள் பல. முதலாவது காஸ்டர் கோணம். சில்லு திரும்பும் அச்சைப் பின்னோக்கிச் சாய்த்தால் தள்ளுவண்டிச் சில்லு போலச் சில்லு தானே நேராகும். நேர்ப்பாதையில் கார் உறுதியாகப் போகும். இந்த நெம்பு டயருடையது இல்லை, இரும்பின் வடிவத்தால் வருவது. அது மாறாது, பிடி போகும் தறுவாயிலும் குறையாது. வடிவமைப்பாளர் காஸ்டரைக் கூட்டக் கூட்டச் சுக்கான் கனத்துக்கொண்டு போகும். டயரின் இலேசாகும் குரல் அந்தக் கனத்துக்குள் அமுங்கிவிடும். 'இறுக்கமான விளையாட்டுக் கார் உணர்வு' என்று விளம்பரத்தில் வருவது பல நேரங்களில் இந்தக் கனம்தான். 'ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தியதும் பாரம் கூடுகிறதே, அது அதைவிட மோசம். மோட்டர் உதவியைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நூலில் கல்லைக் கட்டினால் பட்டம் நன்றாகத் தெரியுமா?

இரண்டாவது டயரே. ஒடுங்கிய, பக்கச்சுவர் உயர்ந்த மைனரின் டயர் வழுக்கத் தொடங்கி முடிப்பதற்கு நிறைய நேரம் எடுக்கும். செய்தி நீளமாக வரும். இன்றைய அகன்ற, பக்கச்சுவர் குட்டையான டயரில் பிடி மிக அதிகம். அது உடனே பதில் சொல்லும். ஆனால் அதன் எச்சரிக்கை ஒரு சிறிய சாளரத்துக்குள் வந்து போய்விடும். மூன்றாவது உராய்வு. பற்சட்டத்திலும் பந்து மூட்டுகளிலும் தண்டின் முத்திரைகளிலும் உள்ள உராய்வைத் தாண்ட முடியாத சிறு சமிக்ஞை கைக்கு வரவே வராது. இங்கே பல கராஜ்களில் 'எலைன்மென்ட்' என்றால் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் 'டோ' கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவார்கள். பந்து மூட்டு இறுகிப்போன காருக்கு எந்தக் கணினியாலும் உணர்வைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகுதான் 'பவர்' வருகிறது. பாரவண்டி ஓட்டிகளின் தோள்வலியைத் தீர்க்க அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் ஹைட்ரோலிக் உதவியை உருவாக்கினார். விற்பனைக்கு வந்த கார்களில் அதை முதலில் பூட்டியது 1951ஆம் ஆண்டின் கிறைஸ்லர் இம்பீரியல். சுக்கான் தண்டுக்கும் பற்சில்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய முறுக்குக் கோல். கை திருப்பும்போது அது சிறிது முறுகும். முறுகினால் வால்வு திறந்து எண்ணெய் அழுத்தம் பற்சட்டத்தைத் தள்ளும். இதில் கவனிக்கவேண்டியது, டயருக்கும் கைக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அறுந்துவிடவில்லை. எண்ணெய் கூட நின்று தள்ளுகிறது. நன்றாக அமைத்தால் வேகத்தில் உதவி குறைந்து டயரின் குரல் தெளிவாக வரும். மோசமாக அமைத்தால் ஒரு விரலால் திருப்பலாம், ஒன்றும் தெரியாது.

உணர்வே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயன் 1970இல் வெளியிட்ட எஸ்எம் காரில் ஓரத்துக்கு ஓரம் இரண்டே சுற்று. சில்லில் நடப்பது எதுவும் சுக்கானுக்கு வராது. வேகத்துக்கேற்ப ஹைட்ரோலிக் அமைப்பே சுக்கானைப் பாரமாக்கி நடுவுக்குத் திருப்பும். முன் டயர் வெடித்தாலும் கை இழுபடாது என்பது அவர்கள் வாதம். பழகியவர்கள் அதை விரும்பவே செய்தார்கள். செயற்கை உணர்வு என்பது கணினி யுகத்தின் குற்றம் என்று நினைப்பவர்கள் இந்தக் காரை மறந்துவிடுகிறார்கள்.

மின்சார உதவி பெரிய கார்களில் தொடங்கவில்லை. 1988இல் ஜப்பானின் சுசுக்கி சேர்வோ என்ற குட்டிக் காரில்தான் அது முதலில் வந்தது. சிறிய இயந்திரத்தால் எண்ணெய்ப் பம்பியையும் சேர்த்துச் சுழற்ற முடியாது என்பதே காரணம். இரண்டு ஆண்டுகளில் ஹொண்டா என்எஸ்எக்ஸின் தானியங்கிக் கியர் வகைக்கும் அது போய்ச் சேர்ந்தது. கைக் கியர் வகைக்கு எந்த உதவியும் இல்லை. அந்த என்எஸ்எக்ஸை அளவுகோலாக வைத்துக்கொண்டு மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மரே 1992இல் தன் காருக்குப் பவர் ஸ்டியரிங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இப்போது அவர் செய்த டி.50 காரில் மெதுவாகப் போகும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மின் உதவி. வேகம் எடுத்ததும் அது விலகிக்கொள்ளும். இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது அதுதான். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்போம்.

மின்சார உதவியில் உணர்வு ஏன் மங்குகிறது? காரணம் மின்சாரத்தில் இல்லை, மோட்டரின் சடத்துவத்தில் இருக்கிறது. மோட்டர் சுக்கானைவிட இருபது மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சடத்துவம் கைக்கு இருபது மடங்காக இல்லை, நானூறு மடங்காகத் தெரியும். பற்சில்லு விகிதத்தின் வர்க்கம். டயரிலிருந்து வரும் நுண்ணிய நடுக்கம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பறப்புச் சில்லை அசைத்துத்தான் கையைத் தொடவேண்டும். நம் வீதிகளை நிரப்பியிருக்கும் வாகன் ஆர், அல்ட்டோ போன்ற சிறிய கார்களில் மோட்டர் சுக்கான் தண்டிலேயே, டாஷ்போர்டுக்குக் கீழே, ஒரு புழுச்சில்லுடன் இருக்கும். மலிவான, இடம் பிடிக்காத அமைப்பு. ஆனால் புழுச்சில்லைப் பின்பக்கமிருந்து தள்ளுவது எப்போதுமே கடினம். விலையுயர்ந்த கார்களில் மோட்டரைப் பற்சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, பட்டியும் குண்டுத் திருகும் போட்டு அந்த உராய்வைக் குறைக்கிறார்கள். ஆக, ஒரே 'மின்சார ஸ்டியரிங்' என்ற பெயரில் இரண்டு வேறு கருவிகள் உலவுகின்றன. முதலாவதை ஓட்டிவிட்டு இரண்டாவதைத் திட்டுவது நியாயமில்லை.

சண்டை உச்சத்துக்கு வந்தது 2011இல். போர்ஷே 911இன் புதிய 991 வகை மின்சார உதவியுடன் வந்தது. 911இன் இயந்திரம் பின்னால், முன்பக்கம் இலேசு. முன்பக்கம் இலேசான காரில் சுக்கான் எப்போதும் கொஞ்சம் நெளிந்துகொண்டே இருக்கும், அதுதான் அதன் சுவை என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக எழுதி வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் புலம்பினார்கள். நிறுவனத்தின் தரப்பு வேறு: பயனற்ற அதிர்வை வடிகட்டிவிட்டோம், தேவையான செய்தியை விட்டுவைத்திருக்கிறோம். எரிபொருளும் மிச்சம், ஏனென்றால் எண்ணெய்ப் பம்பி நேர்ப்பாதையிலும் இயந்திரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். மின்மோட்டர் திருப்பும்போது மட்டும் தின்னும்.

இதில் யார் சொன்னது சரி? என் பார்வையில், போர்ஷே வடிகட்டியதில் பெரும்பகுதி உண்மையில் உதைதான். ஆனால் 'பயனற்ற அதிர்வு' எது என்று ஆய்வுகூடத்தில் முடிவெடுத்ததில் ஒரு பிழை நடந்தது. மனிதத் தோலில் அதிர்வை உணரும் நுனிகள் இரண்டு வகை. ஒன்று செக்கனுக்குப் பத்து முதல் ஐம்பது வரையான நடுக்கத்துக்குக் கூர்மை. மற்றது இருநூற்றைம்பதை ஒட்டிய மெல்லிய சலசலப்புக்கு. முதலாவதில் சில்லின் அசைவு தெரியும். இரண்டாவதில் தாரின் சொரசொரப்பு தெரியும்: ஈரமா, மணலா, புதுத் தாரா. ஓட்டுபவர் அதை உணர்ந்துகொண்டிருப்பதே அவருக்குத் தெரியாது. இல்லாமல் போனால்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றும், என்ன குறைகிறது என்று சொல்ல வராது. விமர்சகர்களின் புலம்பல் மங்கலாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு வந்த 911 ஜிடி3 வகைகளில் மென்பொருளைத் திருத்தித் திருத்தி, மோட்டரின் சடத்துவத்தையும் உராய்வையும் கணக்கிட்டு ஈடுசெய்து, விட்டதில் கணிசமானதைப் பிடித்துவிட்டார்கள். அதே புலம்பல்காரர்கள் பாராட்டினார்கள். பெராரி 2017இல் 812 சூப்பர்ஃபாஸ்ட் வரும் வரை காத்திருந்துதான் மின்சாரத்துக்கு மாறியது. மெக்லாரனும் லோட்டஸும் எண்ணெயை விடாமல் பிடித்திருந்தன. மஸ்தா தன் சிறிய எம்எக்ஸ்-5 காருக்குக் குதிரையும் சவாரிக்காரனும் ஒன்றாவது என்ற பொருளில் ஒரு ஜப்பானியச் சொற்றொடரையே கொள்கையாக வைத்திருக்கிறது. நம்மூர் மாட்டுவண்டிச் சவாரிக்காரரிடம் கேட்டால் கயிற்றைப் பற்றி அதையேதான் சொல்வார்.

பந்தயக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது இங்கே முக்கியம், ஏனென்றால் உணர்வு வெறும் இன்பமா, வேலைக் கருவியா என்பது அவர்களிடம்தான் தெரியும். ஃபோர்முலா 1இல் மின்னணுக் கட்டுப்பாடுள்ள பவர் ஸ்டியரிங் 2002 முதல் தடை. ஹைட்ரோலிக் உதவி மட்டும் உண்டு. அதற்கு அடுத்த படியான ஃபோர்முலா 2இலும் அமெரிக்காவின் இண்டிகாரிலும் உதவியே கிடையாது. இந்தியாவிலிருந்து முதலில் ஃபோர்முலா 1 ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், அடுத்து வந்த சென்னைக்காரர் கருண் சாந்தோக் இருவரும் உதவியில்லாத சிறிய கார்களில் தோள் வளர்த்துத்தான் மேலே போனார்கள். நரேன் 2005இல் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து புள்ளி எடுத்த பந்தயத்தில் ஓடியவை ஆறே கார்கள். மிஷெலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்ந்த வளைவைத் தாங்காது என்று மற்ற அணிகள் விலகிவிட்டன. எல்லாம் கடைசியில் அந்த உள்ளங்கையளவு இறப்பரில் வந்து நிற்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் நடத்திய பந்தயங்களுக்கு இலங்கையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் முறையான தடம் வந்தது. கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி 800 இயந்திரத்தைப் போட்டு ஃபோர்முலா மாருதி கார்களைக் கட்டினார். வசதி குறைந்த பையன்களும் ஒற்றை இருக்கைக் காரில் உட்கார வழி பிறந்தது. இன்னொரு பக்கம், 1929இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் டை ரொட்டிலிருந்து ஹைட்ரோலிக் சுக்கான் வரை செய்து, பிறகு ஜப்பானின் என்எஸ்கேயுடன் சேர்ந்து மின் உதவித் தண்டுகளையும் செய்யத் தொடங்கியது. சுக்கானைச் செய்யும் ஊர் தமிழ் ஊர்தான். ஆனால் சுக்கான் உணர்வைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு.

இலங்கையில் களம் வேறு. நீண்ட நேர்ப்பாதைத் தடங்களைவிட மலையும் மண்ணும்தான் இங்கே பேர்போனவை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களிலிருந்து வருவது. தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் மண் தடம். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை, அதுவும் ஒரு பழைய விமான ஓடுபாதை. மலையேற்றத்தில் ஓட்டுபவருக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. தார் எங்கே ஈரம், எங்கே தேயிலைத் தோட்டத்து மண் வழிந்திருக்கிறது என்பதைக் கை சொன்னால்தான் உண்டு. கிருலப்பனையைக் கடக்கும் இதே ஹைலெவல் வீதி ஏ4 என்ற இலக்கத்துடன் இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டி பெரகலையில் மலையைப் பிடித்து, கடைசியில் மட்டக்களப்பு வரை போகிறது. நல்ல சுக்கானுள்ள கார் எது என்பதை அறிய எனக்கு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தேவைப்பட்டதில்லை. பெரகலைக்கு ஏறும் பாதையில் அதிகாலை மூடுபனி விலகும் நேரம் போதும்.

ஒரு மறுப்பையும் சொல்லிவிடவேண்டும். ஓட்டுபவர் கையால் மட்டும் உணர்வதில்லை. இடுப்பு, முதுகு, உள்காது எல்லாம் சேர்ந்துதான் காரை வாசிக்கின்றன. சுக்கானில் ஒன்றும் வராத காரையும் திறமையானவர் வேகமாக ஓட்டிவிடுவார். உண்மைதான். ஆனால் உடம்பு அறிவது கார் நகர்ந்த பிறகு. பின்பக்கம் சறுக்கினால் இடுப்பு சொல்லும். முன் டயர் பிடி விடப்போவதைச் சொல்ல உடம்பில் வேறு இடம் இல்லை, கைதான். மெய்நிகர் பந்தயத்தில் உடம்பு அசையாததால் அந்தப் பையன் முழுச் செய்தியையும் கையிலும் கண்ணிலும் வாங்கவேண்டியிருக்கிறது. ஆகவேதான் அங்கே மென்பொருள்காரர்கள் நேராக்கும் முறுக்கத்தை ஒரு துளியும் சிந்தாமல் கொடுக்கிறார்கள். மேசைச் சுக்கானுக்குள் இருப்பதும் மின்மோட்டர்தான். அது உணர்வைக் கொல்லும் பொருள் என்றால் அவன் கையிலும் அது செத்திருக்கவேண்டும். நிஜக் காரில் அது மௌனமாக இருப்பதற்குக் காரணம், மௌனத்தைத்தான் பெரும்பாலான வாங்குபவர்கள் கேட்கிறார்கள். நிறுத்துமிடத்தில் ஒரு விரலால் திரும்பவேண்டும், குழியில் கை அதிரக்கூடாது, நெடுஞ்சாலையில் கோட்டுக்குள் தானே பிடித்துக்கொள்ளவேண்டும். இந்தக் கடைசி வசதிக்கு மோட்டர் இல்லாமல் முடியாது. எண்ணெய் யுகம் திரும்பி வராது.

இனி வருவது இரும்புத் தொடர்பே இல்லாத காலம். இன்ஃபினிட்டி கியூ50 காரில் 2013இல் சுக்கானுக்கும் சில்லுக்கும் இடையே கம்பி மட்டும் இருந்தது. ஆபத்துக்கு ஒரு கிளட்ச் வைத்திருந்தார்கள். 2023இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அதுவும் இல்லை. அந்தக் கார்களில் கையில் வருவது முழுக்கவும் ஒருவர் எழுதிய செய்தி. பயப்படவேண்டியதில்லை, மேசைச் சுக்கானை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரச் சத்தமும் கியர் மாற்றமும் இல்லாத மின்சார வேகக் கார்களில் ஓட்டுபவருக்கும் காருக்கும் மிஞ்சியிருக்கும் பேச்சு சுக்கான் வழிப் பேச்சுத்தான். கொழும்பிலேயே கோட்ஜென் நிறுவனத்தார் வேகா என்ற மின்சார அதிவேகக் காரை உருவாக்கியிருக்கிறார்கள். இத்தகைய கார்களில் ஒன்றையொன்று பிரித்துக் காட்டப்போவது குதிரைவலு எண் இல்லை. அது எல்லோரிடமும் மிதமிஞ்சி இருக்கிறது. டயரின் இலேசாகும் கணத்தை ஓட்டுபவருக்குச் சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது என்பதுதான்.

வேகக் கார் வாங்கப்போவதில்லை, எனக்கென்ன என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. மே மாத மழையில் ஹைலெவல் வீதியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, தேய்ந்த டயருடன் கொஞ்சம் வேகமாகப் போய்ப்பாருங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்றாவது அது நடக்கும். சில்லு தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். கண்ணுக்கு எதுவும் மாறாது. சுக்கான் மட்டும் திடீரென்று பஞ்சாகும். அந்தக் கணத்தில் சுக்கானைத் திருப்பாதீர்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், வேக மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பெராரிக்காரருக்கும் அல்ட்டோக்காரருக்கும் இது ஒன்றே.

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டிருக்கிறது. விற்பனை முற்றத்தில் திரையின் அகலத்தையும் இருக்கைத் தோலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஓட்டக் கேளுங்கள். வெறிச்சோடிய ஒரு நேர்ப்பாதையில் ஐம்பதில் போகும்போது சுக்கானை இரண்டு விரல் அகலம் மட்டும் திருப்பிப் பாருங்கள்: கார் உடனே பதில் சொல்கிறதா, கையில் எதிர்ப்பு ஒழுங்காக ஏறுகிறதா, விட்டதும் இழுபடாமல் நடுவுக்கு வருகிறதா? தாரிலிருந்து கல் பாவிய இடத்துக்கு மாறும்போது கையில் ஏதாவது மாறுகிறதா? பழைய கார் என்றால் டை ரொட் எண்டையும் பந்து மூட்டையும் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். என் ஜப்பான் காருக்கு அன்று பாஸ் புது எண்ட் போட்டுக் கொடுத்தார். அது மைனர் ஆகிவிடவில்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், கிருலப்பனைக் கால்வாய்ப் பாலத்தின் மூட்டு முதல் தடவையாகக் கையில் பட்டது.